ஆவி பிடிப்பவரா: ஆம் / இல்லை

இங்கே உட்காரலாமா? சன்னல் பக்கம் நீங்களே இருங்கள். முன்னால் காலி இருக்கிறது, பார்த்தேன். எனக்கு இந்த இடம்தான் வசதி.

மூன்று முறை தும்மினீர்கள். மூக்கு நன்றாக அடைத்திருக்கிறதா? வாசனை ஏதாவது தெரிகிறதா? ஒன்றுமே இல்லையா? நல்லது. அதாவது, உங்களுக்கு நல்லதில்லை, புரிகிறது. புரட்டாசி வந்தால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் இப்படித்தான். இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. உங்கள் வீட்டிலும் செய்வார்கள், கொதிக்கிற தண்ணீர், மேலே ஒரு போர்வை... பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு சொற்களைப் பொது இடத்தில் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? பரவாயில்லை, கிணத்துக்கடவு வரை நேரம் இருக்கிறது.

என் பெயர் மதிசூடி. பள்ளிச் சான்றிதழில் சந்திரசேகர். இருபத்திரண்டு வயதில் தமிழாக்கிக்கொண்டேன். அரசிதழில் போட்டு, எல்லாம் முறைப்படி. ஆனாலும் ஆலையில் நான் சேகர் சார்தான். மலுமிச்சம்பட்டியில் ஒரு வார்ப்பாலை. பம்பு மோட்டார்களுக்கு இரும்பு உறுப்புகள் வார்க்கிறோம். நான் அங்கே மனிதவளப் பிரிவில் முதுநிலை உதவியாளர். ஆங்கிலத்தில் எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் தமிழில் ஆக்கித் தருவது என் வேலை. வேலை என்றால் யாரும் கொடுத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது. எங்கள் ஆலையில் கேண்டீன் என்று ஒரு பலகையை நீங்கள் பார்க்க முடியாது. 'உண்டிச்சாலை'. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அது சாமி உண்டியல் வைத்திருக்கிற அறை என்று நினைத்து இரண்டு நாள் பட்டினி கிடந்தான். பிறகு பழகிவிட்டான். மொழி அப்படித்தான் பழக வேண்டும்.

போன வருடம் இதே புரட்டாசியில் சம்பளம் ஏறியது. ஏறியதில் முந்நூற்று நாற்பது நிரந்தரத் தொழிலாளிகளும் ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டார்கள். இனி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை கிடையாது. நிர்வாகம் ஒரு தனியார் மருத்துவக் காப்பீட்டில் எல்லோரையும் சேர்த்தது. அதற்கு ஒரு பாரம். பெயர், வயது, சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா. பதினான்காவது கேள்வி, நீங்கள் சிகரெட் பிடிப்பவரா, அல்லது இந்த மின்சார சிகரெட், அதைப் பிடிப்பவரா. ஆங்கிலத்தில் அதற்கு வேப் என்று நாலெழுத்தில் ஒரு சொல்.

எங்கள் மேலாளர் ரோஷன் குரியன். முப்பத்தொரு வயது. பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர், பேனா மாதிரி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். எழுதி நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உறிஞ்சுவார், அறை முழுக்க மாம்பழ வாசனை வரும். நாட்டில் அதை விற்கவே தடை. துபாயில் ஒரு மைத்துனர் இருக்கிறார், அவ்வளவுதான் நான் சொல்வேன்.

பாரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. புகைப்பவர்களையும் இவரைப் போன்றவர்களையும் ஒரே கேள்விக்குள் போட்டிருக்கிறார்களே என்று அவருக்குக் கோபம். சென்னையில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அரைமணி நேரம் வாதாடினார். சிகரெட்டில் இலை எரிகிறது, இதில் எதுவும் எரிவதில்லை. எரியாத இடத்தில் புகை எப்படி வரும்? புகை வராதவன் எப்படிப் புகைப்பவன் ஆவான்? அந்தப் பக்கம் பேசிய பெண் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டும் எங்களுக்கு ஒன்றுதான் என்றாராம். குரியன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாரே, இது புகையில்லா. வெறும் ஆவி. நீங்க தமிழ்ல எழுதும்போது தனியா எழுதணும், கேட்டோ."

வெறும் ஆவி. அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. புகையைப் பிடிப்பவர் புகை பிடிப்பவர். ஆவியைப் பிடிப்பவர்? நீங்களே சொல்லுங்கள். இலக்கணப்படி ஒரு குறை காட்டுங்கள். அன்று மாலையே அச்சடித்துவிட்டேன். பதினான்கு அ: தாங்கள் புகை பிடிப்பவரா? ஆம் அல்லது இல்லை. பதினான்கு ஆ: தாங்கள் ஆவி பிடிப்பவரா? ஆம் அல்லது இல்லை. ஆம் எனில், எத்தனை முறை?

பார்த்தீர்களா, சொல்லிவிட்டேன்.

புரட்டாசித் தூறல். ஆலை முழுக்கச் சளி. மணலும் கரியும் போதாதென்று ஈரம் வேறு. பாரம் கொடுத்த மறுநாளே எல்லாம் திரும்பி வந்துவிட்டன. எந்தப் பாரமும் இவ்வளவு வேகமாகத் திரும்பியதில்லை. என் தமிழ் எளிமையாக இருந்ததுதான் காரணம்.

முந்நூற்று நாற்பது பேரில் புகை பிடிப்பவர்கள் நான்கு பேர். நான்கே பேர். எங்கள் மிதிவண்டிக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், துண்டுகளுக்கு நடுவே தரை தெரியாது. அது இருக்கட்டும். ஆவி பிடிப்பவர்கள் இருநூற்றுப் பதினோரு பேர். எத்தனை முறை என்ற இடத்தில், தினமும் இரண்டு வேளை. நொச்சி கிடைத்தால். மழைக்காலத்தில் மட்டும். தலைபாரம் வந்தால், அல்லது மாமியார் வந்தால். உண்டிச்சாலைச் சமையல்காரர் 'ஆம், நாளொன்றுக்கு அறுநூறு, ஞாயிறு விடுமுறை' என்று எழுதியிருந்தார். இட்லிக் கணக்கு. கிடங்குப் பொறுப்பாளர் ஜெபராஜ் பாரத்தோடு நேரிலேயே வந்து, எந்த ஆவி என்று தெளிவாகப் போடவில்லையே சார் என்றார். எங்கள் சபையில் ஆவிதான் எங்களைப் பிடிக்கும், நாங்கள் பிடிப்பதில்லை, எதை அடிக்கட்டும் என்று கேட்டார். மனச்சாட்சிப்படி அடியுங்கள் என்றேன். 'ஆம், ஞாயிறுதோறும்' என்று எழுதினார்.

அப்போதாவது உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதற்குச் சந்தேகம் வர வேண்டும்? மக்கள் ஒரு புதுச் சொல்லை இவ்வளவு தாராளமாக ஏற்றுக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. மொத்தமாகக் கட்டி சென்னைக்கு அனுப்பிவிட்டேன்.

அங்கே கணினியில் 'அ'வும் கிடையாது 'ஆ'வும் கிடையாது. ஒரே பெட்டி. புகையிலைப் பழக்கம் உள்ளவர். இருநூற்றுப் பதினோரு பேரும் அதற்குள் போய்விட்டார்கள்.

ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு மருத்துவர் வந்தார். விழிப்புணர்வு முகாம். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு இந்தப் பழக்கம் இருப்பதை அவர் எங்குமே பார்த்ததில்லையாம். திரையில் நுரையீரல் படம் காட்டினார். கறுப்பாக ஒன்று, சிவப்பாக ஒன்று. இந்த ஆவி கெட்டது, விட வேண்டும், ஒரே நாளில் விட முடியாது, படிப்படியாகக் குறையுங்கள் என்றார். ஆங்கிலத்தில் படித்த மனிதர், பாரத்தில் இருந்த சொல்லையே பிடித்துக்கொண்டார், அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, தைலத்தை மட்டும் நிறுத்தினால் போதுமா டாக்டர் என்றார். தைலம் என்றால் அதற்குள் ஊற்றுகிற திரவம் என்று மருத்துவர் நினைத்துக்கொண்டார். முதலில் அதைத்தான் நிறுத்த வேண்டும் என்றார். போர்வை இல்லாமல் பிடித்தால் பரவாயில்லையா என்று ஒரு பெண் கேட்டார். மறைத்துப் பிடித்தாலும் மறைக்காமல் பிடித்தாலும் கெடுதல் ஒன்றுதான் அம்மா என்றார். அப்போது மணல் அச்சுப் பிரிவிலிருந்து மயிலாத்தாள் எழுந்தாள்.

"சளி புடிச்சா அப்புறம் என்னதானுங்க பண்றது?"

"அந்த நினைப்பு வரும்போது ஒரு சூயிங்கம் மெல்லுங்கம்மா."

அடுத்த வாரம் முழுக்க அச்சுப் பிரிவுப் பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பபுள்கம் மென்றார்கள்.

மயிலாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளால்தான் எல்லாம். நாற்பத்தெட்டு வயது, பத்தொன்பது வருடச் சேவை. உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு முன்னால் உள்ளே வைக்கிற மணல் அச்சு இருக்கிறதே, அதை மணலும் பிசினும் கலந்து சூடாக்கிச் செய்கிற பிரிவு. பத்தொன்பது வருடம் அந்த நெடியில் நின்றவளுக்கு மூக்குக்குள் சதை வளர்ந்துவிட்டது. இரண்டு வருடமாக எந்த வாசனையும் தெரியாது. படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது என்று சுவரில் சாய்ந்துதான் தூங்குவாள். தினமும் மாலையில் நொச்சி போட்டு அதைப் பிடித்தால்தான் கொஞ்சம் மூச்சு விட முடியும். கார்த்திகையில் பிசின் கருகுவது தெரியாமல் அடுப்புப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். நல்லவேளை, வேறு யாரோ இழுத்துவிட்டார்கள். மூக்கு வேலை செய்யாத ஆளை அங்கே வைக்க முடியாது, மார்கழிக்குள் சரி செய்துகொண்டு வா, இல்லாவிட்டால் வேறு பிரிவில் கூட்டுகிற வேலைதான் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். காப்பீட்டுக்கு எழுதினார்கள். மறுத்துப் பதில் வந்தது. புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மூக்கு, தொண்டை, நுரையீரல் சிகிச்சை எதுவானாலும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும், அது அவர்கள் விதி.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாள், வாயால் மூச்சு விட்டுக்கொண்டு.

"சார், நான் சிகரெட் குடிக்கறேன்னு எழுதியிருக்குதாமா."

"சிகரெட் இல்லையம்மா. ஆவி."

"ஆவிதானுங்க புடிச்சேன்."

"அதைத்தான் எழுதியிருக்கிறது."

"அப்புறம் ஏனுங்க மாட்டேங்கறாங்க?"

நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் நீளமான பதில். நீளமாகவே சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, எனக்குச் சதையை எடுக்கணும் சார், அவ்வளவுதான் என்றாள். அச்சுப் பிரிவில் அவளைக் கேலி செய்கிறார்களாம். ஏனக்கா, உன்னுது என்ன பிராண்டு என்று கேட்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவளே சிரித்தாள். சிரித்ததில் மூச்சு அடைத்து என் நாற்காலியில் உட்கார வேண்டியதாகிவிட்டது.

சென்னைக்குப் பேசினேன். நான்தான் பேசினேன், குரியன் இல்லை. அந்த அதிகாரி சொன்னது இதுதான். மொழிபெயர்ப்பில் பிழை என்று, மொழிபெயர்த்தவர் கையெழுத்தோடு, ஒரு வரி. ஒரே வரி வந்தால் அந்த 'ஆ'வை மொத்தமாக நீக்கிவிடுவார்கள். இருநூற்றுப் பதினோரு பேரும் வெளியே வந்துவிடுவார்கள்.

நான் எட்டுப் பக்கம் எழுதினேன். நிகண்டுகளில் ஆவி எத்தனை பொருளில் வருகிறது, பிடித்தல் என்ற வினை எங்கெங்கே எப்படிப் பிடிக்கிறது, ஒரு புதுப்பொருளுக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு, எல்லாம். பதில் இரண்டு நாளில் வந்தது. பிழையா? ஆம் அல்லது இல்லை.

இல்லை என்று அடித்து அனுப்பினேன்.

என்னைப் பிடிவாதக்காரன் என்று நினைக்காதீர்கள். இருபத்தாறு வருடமாகத் தமிழாக்கம் செய்கிறேன். ஒரு முறை பிழை என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு உண்டிச்சாலைக்கும் வருவார்கள். மயிலாத்தாளுக்கு வேறு வழி பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். எனக்கும் மனம் இருக்கிறது. சாய்ந்து தூங்கத் தலையணை வேண்டுமா என்றுகூடக் கேட்டேன்.

அவள் சங்கத்துக்குப் போய்விட்டாள். சங்கத் தலைவர் நாச்சிமுத்து வாயிற்கூட்டம் போட்டார். சிறுநீரில் புகையிலைச் சத்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டாமே, அதைச் செய்யட்டும், எங்கள் ஆட்கள் தயார் என்றார். அத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. மயிலாத்தாள் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்களைச் சோதிக்கறதுன்னா இந்தக் கேள்வி எழுதுனவங்களையும் சேத்துச் சோதிங்க என்றாளாம். கைதட்டல். சென்னையும் சரி என்றுவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். நான் புகை பிடிப்பவன் அல்ல. தேநீர் குடித்தால் கூடவே ஒன்று, அவ்வளவுதான். தேநீர் ஒரு நாளைக்கு ஆறு முறை குடிக்கிறேன், அது தேநீரின் கணக்கு. தவிர, ஒரு பாக்கெட் என் கையால் வாங்கியது கிடையாது. மிதிவண்டிக் கொட்டகையில் யாராவது நீட்டுவார்கள், மறுத்தால் மனம் நோகும். வாங்காதவனை, வீட்டில் பிடிக்காதவனை, ஞாயிற்றுக்கிழமை தொடாதவனைப் புகை பிடிப்பவர் என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை? பதினான்கு அ-வில் இல்லை என்று அடித்தேன். அதைவிடத் துல்லியமான விடை அந்த முந்நூற்று நாற்பதில் இருந்திருக்காது. குரியனும் இரண்டிலும் இல்லை என்றுதான் அடித்திருந்தார். அதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. இப்படியுமா ஒரு மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்வான்?

மார்கழி முதல் வாரம் பரிசோதனை வண்டி வந்து ஆலை வாயிலில் நின்றது. குரியனுக்கு அன்று காலையில் எர்ணாகுளத்தில் ஒரு அத்தைக்குத் திடீரென்று முடியாமல் போய்விட்டது. உண்டிச்சாலையிலிருந்து கொட்டகை வரை வரிசை. ஆளுக்கு ஒரு சின்னக் குப்பி, மேலே பெயர் ஒட்டி. மயிலாத்தாள் முதல் ஆளாக நின்றாள். குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு. ஜெபராஜ் நின்றார். சமையல்காரர் இட்லி வேகிறது சீக்கிரம் என்று சத்தம் போட்டார். என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். மேலே சந்திரசேகர் என்று ஒட்டியிருந்தது.

பாருங்கள், அந்தக் காட்சியில் எனக்கு மனம் பொறுக்கவில்லை. பத்தொன்பது வருடம் உழைத்த ஒரு பெண், மூச்சு விட முடியாதவள், எதற்காக இப்படி நிற்க வேண்டும்? ஒரு சொல்லைவிட ஒரு மனுசி பெரியவள் இல்லையா? நேராக அலுவலகத்துக்குப் போனேன். தாளை எடுத்தேன். பதினான்கு ஆ-வில் உள்ள பிழை என்னுடையது. கையெழுத்து, தேதி. மூன்று நிமிடம் ஆகியிருக்காது. படம் எடுத்து அனுப்பிவிட்டு வந்து, பரிசோதனை தேவையில்லை என்று வண்டிக்காரரிடம் நானே சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நாச்சிமுத்து, சேகர் சார் பெரிய மனுசன் என்றார். குப்பியைத் திருப்பிக் கொடுத்தேன், காலியாக.

அதற்குப் பிறகு எந்தச் சுற்றறிக்கையும் என்னிடம் வருவதில்லை. குரியன் கணினியிலேயே ஏதோ தட்டித் தமிழாக்கிக்கொள்கிறார். இருபத்தாறு வருடம். அதுதான் என் வருத்தம், வேறொன்றுமில்லை.

மயிலாத்தாளுக்கு மார்கழி கடைசியில் சதையை எடுத்துவிட்டார்கள். மாசி தொடக்கத்தில் வேலைக்குத் திரும்பினாள், பழைய பிரிவிலேயே. படுத்துத் தூங்குகிறாளாம். வந்த முதல் நாள் ஆலையே அவளை வேடிக்கை பார்த்தது. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்க்கிறாள். மணல் மணக்கிறது என்கிறாள். ஈரத் துண்டு மணக்கிறது என்கிறாள். தலையில் ஒரு முழம் மல்லிகை. பிறகு ஒரு தூக்குப் போசியில் பொங்கல் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். நன்றி சொல்ல. குனிந்து மேசைமேல் வைத்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், இப்பத்தான் டீ குடிச்சிட்டு வர்றீங்களா?"

"ஆமாம்மா."

"டீ மட்டுந்தானுங்களா?"

அப்போது பதினொன்றரை மணி. மூன்றாவது தேநீர். சட்டையில் இருக்கும், கையில் இருக்கும், எங்கே இருக்கிறது என்று பிடிப்பவனுக்கு, அதாவது எனக்கு, எப்படித் தெரியும்? நான் கோப்பைத் திறந்தேன். அவள் போகவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்ப உங்க பாரத்துல என்னன்னு போட்டீங்க?"

நான் கோப்பில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. போசியை அப்புறம் குடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு மாதம் ஆகிறது. அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாச்சிமுத்து என்னைப் பார்க்கிற பார்வை மாறியிருக்கும், மாறவில்லை. சொல்லித் தொலைத்தால்கூட நான் விளக்கம் கொடுத்துவிடுவேன், விளக்கம் இருக்கிறது, உங்களுக்கே சொன்னேன் அல்லவா, அந்தத் தேநீர்க் கணக்கு. யாரும் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? காலையில் எதிரே வந்தால் வணக்கம் சார் என்கிறாள். நான் இரண்டு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டுதான் வணக்கம் சொல்கிறேன். இரண்டு தேநீரைக் குறைத்துக்கொண்டேன், அது வயிற்றுக்காக.

இதோ, என் பையில் இந்த வருடத்துப் பாரம் இருக்கிறது. பாருங்கள். பதினான்கு: தாங்கள் ஸ்மோக்கர் அல்லது வேப்பரா? தமிழ் எழுத்தில் ஆங்கிலம். குரியன் வேலை. வேப்பர் என்றால் வேப்பமரமா என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன். பெயர், வயது, சர்க்கரை. போன வருடம் நடந்ததால், பாரங்களை வாங்கிப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட ஒவ்வொரு பிரிவுக்கும் தொழிலாளிகளில் ஒருவரை நியமித்திருக்கிறார்கள். அலுவலகத்துக்கும் சேர்த்து அச்சுப் பிரிவு மயிலாத்தாள்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் கையில் கொடுக்க வேண்டும்.

முன்னால் பாருங்கள். மூன்றாவது வரிசை, மல்லிகை வைத்திருக்கிற அம்மாள். மெதுவாகப் பாருங்கள். ஒத்தக்கால்மண்டபத்தில் இறங்குவாள் என்று நினைத்தேன், இறங்கவில்லை. தங்கை வீட்டுக்குப் போகிறாள் போலிருக்கிறது. அவள் பக்கத்து இருக்கைதான் அந்தக் காலி.

சரி, நீங்கள் வீட்டுக்குப் போனதும் ஆவி பிடியுங்கள். நொச்சி கிடைத்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பிடி மஞ்சள். அரைமணியில் திறந்துவிடும். என்ன தேடுகிறீர்கள், தைலமா? இப்போது வேண்டாம், அதைப் பையிலேயே வையுங்கள். என் நிறுத்தம் வர இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.